கரண்ட், கேஸ், மளிகை: வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டுக் குறைப்பது எப்படி

விளக்கை அணை, ஃபேனை நிறுத்து என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். ஆனாலும் பில் குறைவதில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பை ஒரு மணி நேரம் மறந்து எரியவிட்டால் போவது யூனிட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதே வீட்டில் கீசரை அணைக்காமல் வேலைக்குப் போனால் அன்றைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் போய்விடும். எது ரூபாய், எது பைசா என்று தெரியாமல் சிக்கனம் பிடித்தால் வீட்டில் சண்டைதான் மிச்சம். இங்கே சொல்லப்போவது தமிழ்நாட்டு வீடுகளுக்கான கணக்கு. விலைகள் ஊருக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

500 யூனிட் என்ற கோடு

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். இது எல்லோருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் 501-வது யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துப் பார்க்கலாம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை கிடையாது. 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய், அதற்கு மேல் 800 வரை 9 ரூபாய். 510 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 2,030 ரூபாய் வரும். 10 யூனிட்டுக்கு 305 ரூபாய்!

2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது. இன்றைய விகிதத்தை உங்கள் ரசீதில் பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 2022 விகிதத்தில் 560 யூனிட் ஓட்டும் வீடு 495-க்கு இறங்கினால் பில் 2,430-லிருந்து 1,695-க்கு வரும். 65 யூனிட்டைக் குறைத்ததற்கு 735 ரூபாய். ஏற்கெனவே 250 யூனிட்டில் இருக்கும் வீடு அதே 65 யூனிட்டைக் குறைத்தால் 260 ரூபாய்கூட மிஞ்சாது. அதனால் முதலில் உங்கள் வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று கடைசி ஆறு பில்லை எடுத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசி வரும் பில்லில் மட்டும் 500-ஐத் தாண்டுகிற வீடுகள்தான் அதிகம். அப்படிப்பட்ட வீடு வருஷம் முழுக்க வாயைக் கட்ட வேண்டியதில்லை, அந்த ஒன்றிரண்டு பில்லைக் கவனித்தால் போதும்.

ரீடிங் எடுத்த மறுநாளிலிருந்து ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துத் தினசரி காலண்டர் தாளிலோ சுவரிலோ எழுதி வையுங்கள். டிஜிட்டல் மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.எச். என்று காட்டும்போது வருவதுதான் யூனிட். 60 நாளுக்கு 500 என்றால் நாளைக்கு 8.3, வாரத்துக்கு 58. வாரம் 55-க்குள் இருந்தால் நிம்மதி. ஐந்தாவது வாரமே 320-ஐத் தொட்டுவிட்டால் மிச்ச நாளுக்கு ஏ.சி.யைக் குறைக்க அவகாசம் இருக்கும். ரசீது வந்த பிறகு புலம்பிப் பயனில்லை.

வாடகை வீட்டில் உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்கினால் இலவச யூனிட்டும் போச்சு, குறைந்த விலை யூனிட்டும் போச்சு. வீடு பார்க்கும்போது வாடகையைப் பேசுவதற்கு முன்பே தனி மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். 200 யூனிட் ஓட்டும் சின்னக் குடும்பம் தனி மீட்டரில் 2022 விகிதப்படி 225 ரூபாய் கட்டும். சப்-மீட்டரில் அதற்கே 1,600 முதல் 2,000 ரூபாய் வரை போகும். 500 ரூபாய் வாடகை கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் வீடே லாபமாக இருக்கலாம்.

கரண்டைத் தின்பது எது என்று மீட்டரிலேயே கண்டுபிடிப்பது

மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 இம்ப்/கே.டபிள்யூ.எச். என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். சில மீட்டரில் 1600, 6400 என்றும் இருக்கும்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். விளக்கு மின்னக் கூடாது. மின்னினால் எங்கோ ஏதோ ஓடுகிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, 3200 மீட்டர் என்றால் 18.75-ஆல் பெருக்குங்கள். வருவது வாட். நிமிடத்துக்கு 4 முறை என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய ஃபேன் இரவும் பகலும் ஓடுவதற்குச் சமம். பெரும்பாலும் இன்வெர்ட்டர், செட்-டாப் பாக்ஸ், இன்டர்நெட் மோடம் இவற்றில் ஒன்றாக இருக்கும். எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிய பிறகும் மின்னினால் ஒயரிங்கில் கசிவு. அது செலவு மட்டுமல்ல, உயிர் விஷயம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு சாமானாகப் போட்டு இதேபோல் எண்ணினால் உங்கள் வீட்டின் உண்மையான பட்டியல் கிடைக்கும். செட்-டாப் பாக்ஸை ரிமோட்டில் மட்டும் அணைத்தால் அது 10 வாட் அளவில் எடுத்துக்கொண்டே இருக்கும். 60 நாளுக்கு 14 யூனிட். சுவரில் ஸ்விட்சை அணைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஃபேன்தான் நம் வீடுகளில் அதிக நேரம் ஓடும் பொருள். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், பி.எல்.டி.சி. என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 28 முதல் 32 வாட். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில் காலத்துக்கு 67 யூனிட்டுக்குப் பதில் 27. மிச்சம் 40 யூனிட். புது ஃபேன் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 8 ரூபாய் அடுக்கில், அதாவது கடைசி யூனிட்டுகளுக்கு 8 ரூபாய் கட்டும் நிலையில், இருக்கும் வீட்டுக்கு ஒன்றரை வருஷத்தில் போட்ட காசு திரும்பும். 4 ரூபாய் 50 காசு அடுக்கில் ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல். அந்த வீட்டுக்கு நல்ல ஃபேனைக் கழற்றிப் போடுவது சிக்கனம் அல்ல. மாற்றுவதாக இருந்தாலும் எல்லா அறையிலும் வேண்டாம், கூடத்திலும் படுக்கை அறையிலும் மட்டும் போதும்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பி.எல்.டி.சி. ஃபேனுக்குப் பழைய ரெகுலேட்டர் ஆகாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக ஸ்விட்சில் இணைக்கச் சொல்லுங்கள். அதை அப்படியே விட்டுச் சுற்றினால் உள்ளே இருக்கும் போர்டு கெட்டுவிடும். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். பெரும்பாலும் கண்டென்சர்தான் பலவீனமாகியிருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் அதே அளவில், பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட், புதிது வாங்கி மாட்டினால் போதும். வேகமாகச் சுற்றட்டும் என்று பெரிய அளவு போட்டால் காயில் சூடேறிக் கருகும்.

ஃபிரிட்ஜின் நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதை ஆறால் வகுத்தால் ஒரு பில்லில் அதன் பங்கு தெரியும். பழைய ஃபிரிட்ஜ் இதற்கு மேல் இழுத்தால் முதலில் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியே போகிறது. சோப்புத் தண்ணீரால் ரப்பரின் மடிப்பைத் துடைத்தாலே பாதி நேரம் சரியாகும். இல்லையென்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பின்சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசர் சுவரில் அரை விரல் தடிமனுக்கு ஐஸ் கட்டினால் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டவே கூடாது. உள்ளே ஓடும் குழாய் மெல்லியது. ஓட்டை விழுந்தால் அடைத்துத் திரும்ப கேஸ் ஏற்ற ஆயிரக்கணக்கில் ஆகும்.

கீசர்: 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஒரு டேங்கைச் சூடாக்க 15 முதல் 20 நிமிடம் போதும், செலவு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நாள் முழுவதும் ஓடவிட்டால் சூட்டைத் தக்கவைக்கவே அதைப்போல இரண்டு மடங்கு போகும். குளிப்பவர்கள் அடுத்தடுத்துக் குளித்தால் அதுவே பெரிய மிச்சம்.

தண்ணீர் மோட்டார் 1 எச்.பி. என்றால் மணிக்கு ஒரு யூனிட். எத்தனை நிமிடத்தில் டேங்க் நிறைகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். 20 நிமிடத்தில் நிறைந்தது 35 நிமிடம் ஆனால் கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிகிறது, அல்லது கிணற்றில் மட்டம் இறங்கிவிட்டது. மோட்டாரைக் குறை சொல்லிப் பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

ஏ.சி. லேபிளில் இருக்கும் வருடக் கணக்கு 1,600 மணி நேரத்துக்கானது. 800 யூனிட் என்று போட்டிருந்தால் மணிக்கு அரை யூனிட். இரவு 8 மணி நேரம், 60 நாள் என்றால் 240 யூனிட். 500-ஐத் தாண்டவைப்பது இதுதான். வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று எரிசக்தி திறன் செயலகமே சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.க்களை ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கும்படிதான் தயாரிக்க வேண்டும். 26-ல் வைத்து ஃபேனை இரண்டில் சுற்றவிட்டால் 22-ல் தனியாக வைப்பதைவிட உடம்புக்கும் இதம். விடியற்காலை 4 மணிக்கு டைமர் வைத்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். அதன்பிறகு அறை எழும்வரை குளிர்ந்தே இருக்கும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள்.

சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது

புது சிலிண்டர் மாட்டிய தேதியை எழுதி வைக்காத வீட்டில் கேஸ் சிக்கனம் பேசிப் பயனில்லை. நான்கைந்து சிலிண்டருக்கு எழுதினால் உங்கள் சராசரி தெரியும். திடீரென்று ஒரு சிலிண்டர் பத்து நாள் முன்னதாகத் தீர்ந்தால் எடை குறைவாக வந்திருக்கிறது, கசிகிறது, அல்லது அடுப்பு அடைத்திருக்கிறது.

சிலிண்டர் வரும்போது சீல் பார்ப்பதோடு எடையும் போட்டுப் பாருங்கள். கைப்பிடி வளையத்தின் கீழ் வெறும் சிலிண்டரின் எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை. டெலிவரி செய்பவர் தராசு கொண்டுவர வேண்டும் என்பது விதி, கேட்கத் தயங்க வேண்டாம். அதே இடத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. அந்தக் காலம் கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள். மாட்டியதும் ரெகுலேட்டர் சுற்றியும் டியூப் முனைகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் விட்டால் கசிவு. ரப்பர் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். கசிவு அவசரத்துக்கு 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் நுனி, பாத்திரத்தின் அடியில் கரி என்றால் பர்னர் துளை அடைத்திருக்கிறது. பித்தளைத் தலையைக் கழற்றி, வெந்நீரில் கொஞ்சம் சோடா மாவு போட்டு ஊறவைத்து, ஊசியால் துளைகளைக் குத்தி, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மறுபடி மஞ்சளாகவே எரியும். சுடர் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறினால் அந்த கேஸ் சமையலறையைத்தான் சூடாக்குகிறது.

சோறு, பருப்பு, காய் மூன்றையும் தனித்தனி நேரத்தில் வைப்பதுதான் கேஸை அதிகம் குடிக்கும். அடுக்கு குக்கரில் ஒரே தடவையில் முடிக்கலாம். துவரம்பருப்பை அரை மணி நேரமாவது ஊறவையுங்கள். குக்கர் அடியில் 2 டம்ளர் தண்ணீர். கீழ் அடுக்கில் பருப்பு, கொஞ்சம் மஞ்சள் தூள், சில சொட்டு நல்லெண்ணெய். மேல் அடுக்கில் பச்சரிசி என்றால் 1-க்கு 2 தண்ணீர், புழுங்கலரிசி என்றால் அரை மணி ஊறவைத்து 1-க்கு 3. உச்சியில் பெரிதாக நறுக்கிய காய். பெரிய பர்னரில் வைத்து ஆவி சீராக வந்ததும் வெயிட் போடுங்கள். முதல் விசில் வந்ததும் சின்ன பர்னருக்கு மாற்றி சிம்மில் 8 நிமிடம். அணைத்துவிட்டுத் தானாக அடங்கவிடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். விசில் என்பது மிஞ்சிய ஆவி வெளியேறுவது, அவ்வளவே. ஐந்து விசில், ஆறு விசில் என்று பெரிய தீயில் எண்ணுவது கேஸை ஜன்னல் வழியே அனுப்புவது.

பருப்பு வேகாமல் முழுசாக நின்றால் மூன்று காரணம் உண்டு. புளியோ தக்காளியோ முதலிலேயே போட்டிருப்பீர்கள், தண்ணீர் கடினமானதாக இருக்கும், அல்லது பருப்பு பழையது. போர் தண்ணீர் வீடுகளில் பருப்புக்கு மட்டும் குடிதண்ணீரை ஊற்றினால் வேறுபாடு தெரியும். குக்கரில் பக்கவாட்டில் ஆவி போனால் கேஸ்கெட் தளர்ந்திருக்கிறது. ஃபிரீசரில் கால் மணி நேரம் வைத்தால் அன்றைய சமையலுக்குத் தாக்குப்பிடிக்கும், பிறகு புதிது வாங்கத்தான் வேண்டும்.

கல்யாண வீட்டளவு இல்லாவிட்டாலும் ஐந்தாறு பேருக்கு மேல் வடித்துச் சாப்பிடும் வீடுகளுக்குத் தெர்மல் குக்கர், அதாவது பாத்திரத்தின் சூடு போகாமல் காக்கும் பெட்டி, கைகொடுக்கும். புழுங்கலரிசியைக் களைந்து அரை மணி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் போட்டு, தளதளவென்று கொதித்த பிறகு 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். மூடியோடு பெட்டிக்குள் இறக்கி முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து வடித்துவிடுங்கள். அரிசியின் ரகத்துக்கு ஏற்ப நேரம் மாறும், முதல் சில நாள் சோதித்துப் பார்க்க வேண்டும். இடையில் திறந்து பார்த்தால் சூடு போய் நடுவில் அரிசி வேகாமல் நிற்கும். பாதி பாத்திரம்தான் அரிசியும் தண்ணீரும் என்றாலும் அப்படித்தான் ஆகும். உள்ளே நிறைவாக இருக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் மறந்து விட்டுவிட்டால் சோறு குழைந்து, வெதுவெதுப்பில் கெட்டும் போகும்.

கேஸா, இண்டக்‌ஷனா என்ற கேள்விக்கு விடை மறுபடியும் அந்த 500-ல்தான் இருக்கிறது. ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பு ஏறக்குறைய 130 யூனிட்டில் செய்யும். சென்னையில் 2025 ஏப்ரலில் சிலிண்டர் விலை 868 ரூபாய் 50 காசு. யூனிட் 4 ரூபாய் 50 காசு என்றால் அதே சமையலுக்கு 585 ரூபாய், இண்டக்‌ஷன் லாபம். 6 ரூபாய் அடுக்கில் 780, லாபம் கொஞ்சம்தான். 8 ரூபாய்க்கு 1,040, நஷ்டம். ஆகவே 300 யூனிட்டில் நிற்கும் வீடு பால் காய்ச்ச, டீ போட, வெந்நீர் வைக்க இண்டக்‌ஷனைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோடைக்காலத்தில் ஏ.சி. ஓடும் வீடு அந்த இரண்டு மாதமும் அதை எடுத்து மேலே வைத்துவிட வேண்டும்.

மாவும் மளிகையும்

கடை மாவு வாங்குவது வசதி, சந்தேகமில்லை. ஆனால் 1 கிலோ இட்லி அரிசியும் 250 கிராம் உளுந்தும் ஊறி அரைந்தால் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மாவு கிடைக்கும். இரண்டையும் கடையில் விலை விசாரித்து, மூன்று பாக்கெட் மாவின் விலையோடு வைத்துப் பாருங்கள். கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடினாலும் கரண்ட் கால் யூனிட்டைத் தாண்டாது.

அரிசி 4 பங்கு, முழு உளுந்து 1 பங்கு, வெந்தயம் 1 டீஸ்பூன். அரிசி 4 மணி நேரம், உளுந்தும் வெந்தயமும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினால் பொங்காது. மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இடைவெளி விட்டு ஓட்டுங்கள். ஜார் சூடேறினால் மாவு அமுங்கிவிடும். உளுந்து போன வருஷத்துச் சரக்காக இருந்தால் என்ன செய்தாலும் இட்லி தட்டையாகத்தான் வரும், அதற்குக் கையைக் குறை சொல்ல வேண்டாம். புளித்த பிறகு அன்றைக்குத் தேவையானதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மீதியைக் கலக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். கடைசியில் மிஞ்சும் புளித்த மாவு ஊத்தப்பத்துக்கும் குழிப்பணியாரத்துக்கும்.

ரேஷன் கார்டில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் இவற்றின் விலை தெரிந்தும் வரிசையில் நிற்கச் சலித்துப் பருப்பையும் எண்ணெயையும் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அரிசி வேண்டாம் என்பவர்கள்கூட மற்றதை வாங்கலாம். அரிசிக்குப் பதில் கோதுமை கிடைத்தால் அதை மாவு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளுங்கள். வாங்காத பொருளை வாங்கியதாகப் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் 1967 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யலாம். ரேஷன் அரிசியைக் களையும்போது சில மணிகள் வெளுத்து, மிதந்து வரும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து அதைப் பொறுக்கிப் போடுகிறார்கள். அது இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவிலேயே செய்த செறிவூட்டப்பட்ட மணி. நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தது. பொறுக்க வேண்டாம்.

வருஷத்துக்குத் தேவையானதை அறுவடைக் காலத்தில் வாங்குவது புளி, மிளகாய் இரண்டுக்கும் நிச்சயம் பொருந்தும். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டையும் நாரும் எடுத்து, ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஜாடியில் கல் உப்பும் புளியும் மாறி மாறி அழுத்தி அடைத்தால் வருஷம் முழுக்கப் பூச்சி வராது. சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வெயிலில் வைத்த எதையும், பருப்பானாலும் மிளகாயானாலும், ஆறவைத்த பிறகே மூட வேண்டும். துவரம்பருப்புக்குக் கிலோவுக்கு அரை முதல் ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி வைப்பது பழைய வழக்கம், இன்றும் அதைவிட மலிவான மருந்து இல்லை. ரவையை லேசாக வறுத்து வைத்தால் புழு வராது. மைதா, கடலை மாவை மொத்தமாக வாங்கவே வேண்டாம். விலை குறைவு என்று 2 கிலோ வாங்கி அரைக் கிலோவை வண்டுக்குக் கொடுத்தால் எந்தச் சலுகையும் கட்டாது.

சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது இப்போது சகஜம். 1 லிட்டர் என்று நினைத்து வாங்கும் எண்ணெய் பாக்கெட்டில் 850 மில்லி என்று சின்ன எழுத்தில் இருக்கலாம்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கியது, இப்போது தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இருக்கிறது. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். காலை 7 மணிக்கு முன் போனால் நல்ல காய், கடை எடுக்கும் நேரத்தில் போனால் மலிவு. கீரையைத் தவிர மற்றதற்கு இரண்டாவது நேரமே போதும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் உருளை சீக்கிரம் முளைக்கும். கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை நறுக்கிச் செய்தித்தாளில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் வாடாது. தக்காளி கிலோ 10, 15 ரூபாய்க்கு வரும் நாளில் 3 கிலோ வாங்கித் தொக்கு போட்டுவிடுங்கள். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை வதக்கினால்தான் நிற்கும். பாதியில் இறக்கினால் நாலு நாளில் நுரைக்கும்.

தண்ணீரும் துணியும், சுருக்கமாக

ஃபிளஷ் டேங்க் கசிவு கண்ணுக்குத் தெரியாது. டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு, கால் மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் வாஷர் போய்விட்டது. மோட்டார் அடிக்கடி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆர்.ஓ. மெஷினில் கழிவாகப் போகும் தண்ணீரை வாளியில் பிடித்தால் தரை துடைக்கவும் கழிவறைக்கும் ஆகும். உப்பு அதிகம், செடிக்கு ஊற்ற வேண்டாம்.

வாஷிங் மெஷினில் வெந்நீர் வசதி இருந்தால் சாதாரண நாளில் அதை அணைத்துவிடுங்கள். நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே வெதுவெதுப்புத்தான். சோப்புத் தூள் அளவு கூடினால் நுரை போக இன்னொரு முறை அலச வேண்டும். தூளும் போச்சு, தண்ணீரும் போச்சு. பாக்கெட்டில் சொன்ன அளவில் முக்கால் பங்கு போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அதுவே உங்கள் அளவு.

செல்போன் சார்ஜரைப் பிடுங்குவது, எல்.இ.டி. பல்பை ஓடி ஓடி அணைப்பது போன்றவற்றுக்காகக் குழந்தைகளைத் திட்ட வேண்டாம். வருஷத்துக்குப் பத்து, இருபது ரூபாய் விஷயம்.

மிஞ்சிய பணம் கையில் இருந்தால் அது மிஞ்சாது. பில்லில் 700 ரூபாய் குறைந்தால் அந்த வாரமே தபால் அலுவலகத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் பணம் போடும் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 வருஷம். 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம். காலாண்டுக்கு ஒருமுறை அரசு அதை மாற்றி அறிவிக்கலாம், ஆனால் நீங்கள் தொடங்கிய நாளின் வட்டிதான் உங்கள் கணக்குக்கு முடியும்வரை. 15-ஆம் தேதிக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள்ளும், அதற்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும். தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். அதனால் சம்பளம் வரும் தேதியைப் பார்த்துக் கணக்கைத் தொடங்குங்கள்.